ஒரு சொல்லில் போன குன்று

ஸ்பெயின், ஃபால்செட் பக்கம், எண்ணெய்ச் செக்குக் கொட்டகை
1938 ஆகஸ்ட் 19

மொழிபெயர்ப்பாளர் தோழர் சரீனா காபிலியோ அவர்களுக்கு,

பதினான்காம் தேதி வரை நான் நம் பட்டாளத்தின் இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனிக்குத் தலைவன். இன்று கைதி. இடுப்புவாரையும் கைத்துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டார்கள். பென்சிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

பதினான்காம் தேதி காலை பதினொன்று இருபதுக்கு, படையணித் தலைமையகத்திலிருந்து கழுதை முதுகுக் குன்றுக்கு நீங்கள் தொலைபேசியில் பேசினீர்கள். ஸ்பானிஷில் வந்த உத்தரவை நம் மொழியில் நீங்கள் சொன்னது இது: "மூணாவது கம்பெனி எறங்குது. இயந்திரத் துப்பாக்கிங்க உடனே கெளம்பணும்." நான் "உடனேவா?" என்று கேட்டேன். "உடனே, உடனே" என்றீர்கள். நான்கு துப்பாக்கிகளையும் கழற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம்.

இடப்பக்கம் இருந்த லெப்டினன்ட் எலாதியோவின் மூன்றாவது கம்பெனி இறங்கவில்லை. அந்த ஸ்பானியப் பையன்களுக்கு உத்தரவு போய்ச் சேரவே இல்லை. தூதாள் வழியில் செத்துக் கிடந்தான். எங்கள் துப்பாக்கிகள் ஓய்ந்த கால் மணி நேரத்தில் பிராங்கோவின் ஆட்கள் எங்கள் இடத்துக்கு ஏறி வந்து அவர்களைப் பக்கவாட்டில் சுட்டார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். எலாதியோவின் தோளில் குண்டு. குன்றும் போயிற்று.

"அப்படி ஒரு உத்தரவே இல்லை, நீயாக ஓடிவந்தாய்" என்கிறது விசாரணைக் குழு. ஓடிவந்த கம்பெனித் தலைவனுக்கு என்ன தண்டனை என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் கேட்பது மூன்று வரி. அன்று சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நம் நாட்டுப் பிராச் தீவில் பன்னிரண்டு வருஷம் கல் வெட்டியவன் நான். குறி போட்ட இடத்தில்தான் உளி வைப்பேன். இந்தக் குறியைப் போட்டது நீங்கள்.

யெர்கோ மார்தினிச்


படையணித் தலைமையகம், ரயில் சுரங்கம்
ஆகஸ்ட் 22

யெர்கோ,

நாலு வாரத்துக்கு முன் எப்ரோ ஆற்றைத் தாண்டும்போது என் செருப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நீ படகைத் தள்ளினாய். அன்றைக்கு நான் உனக்கு 'நீ'. இன்றைக்கு 'நீங்கள்', 'அவர்களுக்கு'! வைத்துக்கொள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

மூன்று வரி கேட்டாய். உன் கடிதம் வருவதற்கு முன்பே மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சரயேவோ தொலைபேசி நிலையத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஒரு காதில் வாங்கி ஒரு வாயில் கொடுப்பதில் என்னை யாரும் தப்புச் சொன்னது கிடையாது. ஸ்பானிஷோ நான் இங்கே வந்து கற்ற பாஷை இல்லை. எங்கள் யூத வீடுகளில் அதுதான் பேச்சு. நானூறு வருஷத்துக்கு முன் இந்த நாட்டிலிருந்து துரத்தியபோது எங்கள் ஆட்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு போன பாஷை.

உத்தரவைச் சொன்னவர் டிவிஷனில் இருக்கும் சார்ஜென்ட் வலேரியானோ. "மூன்றாவது இறங்கட்டும், இயந்திரத் துப்பாக்கிகள் லுவெகோ." லுவெகோ என்றால் உடனே. அப்படியே உனக்குச் சொன்னேன். விசாரணையில் உத்தரவின் நகலையே காட்டினார்கள். கேப்டன் ஓர்துனியோ தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி, "உடனேன்னு இதுல எங்க இருக்கு?" என்றார். "இதோ" என்று அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன். "அதைத்தாம்மா நானும் கேக்குறேன்" என்றார். யெர்கோ, கறுப்பு மையில் கண்ணுக்கு முன்னால் இருப்பதை இல்லை என்று சாதிக்கிறார்கள்! வலேரியானோவைக் காப்பாற்றுகிறார்கள். வேறென்ன?

விடமாட்டேன். உடனே என்று சொல்லிவிட்டு இப்போது இல்லை என்று வலேரியானோ பொய் சொல்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ தைரியமாக இரு. சீக்கிரம் உன் கம்பெனிக்குத் திரும்பிப் போவாய்.

சரீனா


செக்குக் கொட்டகை
ஆகஸ்ட் 26

சரீனா,

உன் மூன்று பக்கத்தின் பலன் நேற்று வந்து சேர்ந்தது. வலேரியானோவைக் கைது செய்து இதே கொட்டகையில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். எனக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடி போட்ட, ஒல்லியான ஆள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவனாம். வயிற்றுப்போக்கு வேறு. என் பங்கு ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிகிறது. வர மறுக்கிறது.

எனக்கு ஸ்பானிஷில் ரொட்டி, தண்ணீர், தலையைக் குனி, இந்த மூன்றும்தான் தெரியும். ஆனால் இந்த ஆள் நேற்றிலிருந்து ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். "லுவெகோ. லுவெகோ." நெஞ்சில் கையை வைத்து, தான் சொன்னது அதுதான் என்பதுபோலச் சொல்கிறான். காவல்காரனிடம் சொல்கிறான். சுவரிடம் சொல்கிறான்.

நான் படித்தவன் இல்லை. ஆனால் இது எனக்கு இடிக்கிறது. நீ அவனுக்கு எதிராகக் காட்டுகிற சொல் அது. அதையே அவன் தன் பக்கத்துச் சாட்சியாகச் சொல்கிறான். ஒரே சொல் எப்படி இரண்டு பேருக்கும் சாட்சியாக இருக்கும்? பொய் சொல்கிறவன் வேறு சொல்லைச் சொல்லியிருக்க மாட்டானா?

நீயே கொஞ்சம் பார். கல்லில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று ஓடும். அடித்த பிறகுதான் பிளக்கும்.

யெர்கோ


ரயில் சுரங்கம்
ஆகஸ்ட் 30

யெர்கோ,

இதை முதலில் உனக்கு எழுதுகிறேன். எழுதி அனுப்பிவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது. அதற்காகத்தான்.

உன் கடிதத்தைப் படித்து எரிச்சலோடு சாப்பிடப் போனேன். நம் சமையற்கட்டு ரெமேதியோஸைத் தெரியுமல்லவா, ஆஸ்தூரியாஸ் பக்கத்து அம்மாள். தட்டை நீட்டினேன்.

"லுவெகோ, மகளே" என்றாள்.

நான் தட்டோடு நின்றேன். அவள் போய் உருளைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தோல் சீவ ஆரம்பித்தாள்.

"என்ன மரம் மாதிரி நிக்கிற?"

"லுவெகோன்னீங்களே."

"ஆமா, சொன்னேன். பயறு இன்னும் வேகவே இல்ல. போய்ட்டு வா."

"லுவெகோன்னா உடனேதானே?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எந்த ஊர்லம்மா? லுவெகோன்னா அப்புறம். பின்னால. நாலு மாசமா என் கையால சாப்பிடுற, இதுகூடத் தெரியாதா உனக்கு?"

யெர்கோ, எங்கள் வீட்டில் அம்மா "லுவெகோ வா" என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இல்லையென்றால் அடி விழும். எங்கள் ஆட்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போன காலத்தில் அதற்கு அதுதான் அர்த்தம். நாங்கள் போன பிறகு இவர்கள் அதை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டுவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே விடைபெறும்போதெல்லாம் 'ஆஸ்தா லுவெகோ' என்கிறார்கள். இதோ இப்போதே மறுபடி பார்ப்போம் என்கிறார்களே, எவ்வளவு பிரியமான ஜனங்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

மூன்றாவது கம்பெனி முதலில் இறங்க வேண்டும். அதுவரை அவர்களுக்கு மறைவாக நீ சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகுதான் நீ. அதுதான் உத்தரவு. வலேரியானோ சரியாகத்தான் சொன்னார். கேப்டனும் சரியாகத்தான் கேட்டார். நான் ஒருத்திதான் அந்த அறையில் பைத்தியம்.

ஒன்பது பேர். அதற்கு மேல் நிரபராதி ஒருவருக்குப் பொய்யன் என்று பட்டம் கட்டிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இப்போது மாற்றிப் பேசினால் உளவாளி என்பார்கள். இரண்டு நாளாக விசாரணைக் குழு இருக்கிற வீட்டு வாசல்வரை போய்த் திரும்புகிறேன். பயம்தான். வேறு பெயர் சொல்ல மாட்டேன்.

நாளைக்கு உள்ளே போகிறேன்.

சரீனா


செக்குக் கொட்டகை
செப்டம்பர் 2

சரீனா,

காவல்காரன் உன் கடிதத்தைக் கொடுத்தபோது வலேரியானோ தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினேன். "லுவெகோ" என்று சொல்லி, கையை முன்னால் தூரமாகக் காட்டினேன், அப்புறம் என்பதுபோல. எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்படி ஒரு மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை.

உன் மேல் கத்த வேண்டும் என்றுதான் பென்சிலை எடுத்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பாதி உண்மையை வைத்துக்கொண்டு கத்த வரவில்லை. மீதியைச் சொல்கிறேன், கேள்.

அன்றைக்கு எங்களுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. துப்பாக்கிகளைக் குளிர வைக்க எங்கள் மூத்திரத்தை ஊற்றினோம். பாறையில் பள்ளம் தோண்ட முடியாது. கல்லை அடுக்கித்தான் மறைந்திருந்தோம். ஒவ்வொரு குண்டுக்கும் அந்தக் கல்லே சில்லாகத் தெறித்து முகத்தைக் கிழித்தது. ஆறு பேரை இழந்திருந்தேன். அப்போது நீ பேசினாய். பேசி முடித்ததும் நான் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். எலாதியோவின் ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

இறங்குகிற கம்பெனி அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். தொலைபேசி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கம்பி அறுபடவில்லை. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, "சரீனா, மூணாவது இன்னும் இங்கதான் இருக்கு, என்ன செய்ய?" என்று கேட்டிருந்தால் போதும். சுற்றவில்லை. நீ சொன்னது எனக்குப் பிடித்த உத்தரவு. மறுபடி கேட்டால் அது மாறிவிடுமோ என்று பயந்தேன்.

இதை யாரிடமும் சொல்லாமல், உன்னிடம் மூன்று வரி கேட்டேன். என் வெட்கம் அது. நாளைக்கு விசாரணையில் சொல்கிறேன். உன்னை மட்டும் நிறுத்திவிட்டு நான் வெளியே வர மாட்டேன்.

யெர்கோ


ரயில் சுரங்கம்
செப்டம்பர் 9

யெர்கோ,

நான் உள்ளே போய்ச் சொல்லி முடித்த ஐந்தாம் நாள்தான் உன் கடிதம் வந்தது. அதற்குள் நீயும் சொல்லிவிட்டாய். முன்பே தெரிந்திருந்தால் உன் வாயைப் பொத்தியிருப்பேன்.

கேப்டன் ஓர்துனியோ கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இந்தச் சொல்லை எங்க கத்துக்கிட்ட?"

"எங்க அம்மாகிட்ட."

"அவங்க?"

"அவங்க அம்மாகிட்ட. அப்படியே போனா இங்கதான் வந்து நிக்கும் கேப்டன். டொலேடோவுல."

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரிக்கப் பார்த்தார். கேப்டன் அவரை ஒரு பார்வை பார்த்தார். "இதை உன் இஷ்டத்துல வந்து சொல்றியா, யாராவது சொல்லச் சொன்னாங்களா?" என்றார். "ரெண்டு நாள் பயந்துட்டு, என் இஷ்டத்துல வந்தேன்" என்றேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள், பயத்தைச் சேர்த்து.

முடிவு உனக்கே தெரியும். வலேரியானோவுக்கு விடுதலை. எனக்குத் தொலைபேசி கிடையாது. இனி காகித வேலை. உன் தலைமை போயிற்று, சாதாரணச் சிப்பாயாகப் பழைய கம்பெனிக்கே போகிறாய். அந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் உன் பதவி அப்படியே இருந்திருக்கும். அதனால் கோபமாக இருக்கிறேன். சொன்னாய் என்பதற்காக உன்னை மதிக்கிறேன். இரண்டும் தனித்தனி. கலந்துவிடாதே.

வலேரியானோவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஸ்பானிஷ்ல என்னைப் பொய்யன்னு திட்டினீங்க பாருங்க, அது மட்டும் நல்லாவே புரிஞ்சுது." பிறகு ஒரு நோட்டைக் கொடுத்தார். அர்த்தம் மாறிப்போன சொற்களாக அவருக்குத் தோன்றியதை எல்லாம் கொட்டகையில் இருந்தபோதே எழுதி வைத்திருக்கிறார். வாத்தியார் என்றால் அவர்தான்.

தலையைக் குனிந்தே இரு. அந்த ஸ்பானிஷ் உனக்குத் தெரியுமே.

சரீனா


பார்சலோனா
நவம்பர் 12

யெர்கோ,

அயல்நாட்டுத் தொண்டர்கள் எல்லோரும் போர்முனையிலிருந்து திரும்ப வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்து ஏழு வாரம் ஆகிறது. பிரியாவிடை அணிவகுப்பில் உன்னைத் தேடினேன். நாலாவது வரிசையில் நடந்தாய், காதுக்குப் பின்னால் யாரோ செருகிய பூவோடு. எடுக்கக்கூடத் தோன்றாமல் விறைப்பாக நடந்தாய். கூப்பிட்டேன். ஜனங்கள் போட்ட சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை.

எழுதுவது வேறு விஷயத்துக்காக. படையணியின் போர் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். பொறுப்பு ஆன்டன் என்ற வியன்னாக்காரருக்கு. அவர் ஜெர்மனில் எழுதுகிறார். மற்றொருவர் அதை ஸ்பானிஷில் ஆக்க, அதிலிருந்து நம் மொழியில் ஆக்குவது என் வேலை. நேற்று நாற்பத்தேழாம் பக்கம் வந்தது. கழுதை முதுகு.

"எதிரியின் பெரும் தாக்குதலின் நடுவே, உத்தரவுப்படி இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனி ஒழுங்காகப் பின்வாங்கியது. மூன்றாவது கம்பெனியின் ஒன்பது வீரர்கள் பின்வாங்க மறுத்து, பாடியபடி வீழ்ந்தனர்."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டுமாம். ஆன்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும், விசாரணைக் காகிதம் படிச்சேன். ஆனா இது புஸ்தகம்" என்கிறார். என்ன செய்யட்டும்?

சரீனா


மாதாரோ, தொண்டர் முகாம்
நவம்பர் 20

சரீனா,

விட்டுவிடு. அதில் உன் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. செத்தவர்களுக்குக் கெட்ட பெயர் ஒன்றும் வரவில்லை. பாடினார்கள் என்று இருந்தால் அவர்கள் அம்மாக்கள் படித்துச் சந்தோஷப்படட்டும். நாம் விசாரணையில் சொல்லியாயிற்று, தண்டனையும் வாங்கியாயிற்று. இன்னும் எத்தனை தடவை? ஊருக்குத் திரும்ப வழி இல்லை, அங்கே நம் குடியுரிமையையே பறித்துவிட்டார்கள். எந்த நாடு நம்மைச் சேர்க்கும் என்றும் தெரியவில்லை. அடைக்கலம் கேட்டு எழுதும்போது இந்தப் பக்கம் உனக்கு நல்லதா?

மொழிபெயர்த்துக் கொடுத்துவிடு.

யெர்கோ


பார்சலோனா
நவம்பர் 24

யெர்கோ,

முடியாது. ஒரு தடவை தெரியாமல் தப்பாக மொழிபெயர்த்தேன். தெரிந்தே ஒரு தடவை செய்யச் சொல்கிறாயா?

எலாதியோ நீ இருக்கும் இடத்தில்தான், மாதாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அவரிடம் கொண்டுபோய் நீயே படித்துக் காட்டு. அவர் சரி என்றால் மறுபேச்சில்லாமல் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். போக உனக்குக் கால் வரவில்லை என்றால் அதை எழுது.

சரீனா


மாதாரோ
டிசம்பர் 4

சரீனா,

கால் வரத்தான் இல்லை. ஒரு வாரம் தள்ளினேன். நேற்றுக் காலை போனேன்.

ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு ரப்பர் பந்தை இடது கையால் அமுக்கிக்கொண்டிருந்தான். தோளைச் சரிசெய்ய டாக்டர் சொன்ன பயிற்சியாம். என்னைப் பார்த்ததும் பந்து நின்றது. எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. இந்த மூன்று மாதத்தில் என் ஸ்பானிஷ் பரவாயில்லை. நின்றபடியே படித்தேன்.

"இன்னொரு தடவ படி" என்றான். படித்தேன்.

"பாடினாங்களாமா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"சிப்ரியானோ வாயத் தொறந்தா நாய் ஓடும். அவன் பாடினானாம்." சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "பின்வாங்க மறுத்தாங்களாம். உத்தரவே வரலையேப்பா. வந்திருந்தா எறங்கி ஓடி வந்திருப்பாங்க. உயிரோட இருந்திருப்பாங்க. இப்படி எழுதினா, செத்தது அவங்க இஷ்டம்னு ஆயிடும். சாகறதுக்கு அவங்க யாருக்கும் இஷ்டம் இல்ல. ஒருத்தனுக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

நான் தாளை மடித்தேன்.

"அன்னைக்கு உன்னப் பாத்துக் கை ஆட்டினது நான்தான்" என்றான். "தெரியுமா?"

தெரியாது, சரீனா. அது அவன்தான் என்று தெரியாது.

"டெலிபோனச் சுத்திக் கேக்கலைன்னு விசாரணைல சொன்னியாமே. அதையும் அந்தப் புஸ்தகத்துல எழுதுவியா?"

"எழுதுவேன்."

"எழுது. எழுதிட்டு வா. அப்புறம் உக்காந்து பேசலாம்."

வெளியே வந்து கடல் ஓரமாக முகாம்வரை நடந்தே வந்தேன். நீ சொன்னது சரி. பக்கத்தைத் திருத்து. என் பெயரை முழுதாகப் போடு.

யெர்கோ


பார்சலோனா
1939 ஜனவரி 8

யெர்கோ,

நடந்ததைக் கேள். திருத்திய பக்கத்தை ஆன்டன் மேஜைமேல் வைத்தேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத அச்சடிச்சா எதிரி படிச்சுட்டுச் சிரிப்பான், சரீனா."

"சிரிக்கட்டும். இப்படி ஒரு பக்கம் எழுத அவன்கிட்ட ஆள் இருக்கான்னு கேளுங்க."

"பதிப்பாசிரியர் நானா நீயா?"

"நீங்கதான். மத்த இருநூறு பக்கமும் நீங்க எழுதினபடியே மொழிபெயர்க்கறேன், ஒரு காற்புள்ளிகூட மாத்தாம. இந்தப் பக்கத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. ஆனா அந்த ஆளுக்கு லுவெகோன்னா என்னன்னு தெரியுமான்னு முதல்ல கேட்டுக்கோங்க."

சிரித்துவிட்டார், பாவம். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி எலாதியோவின் வாக்குமூலத்தையும் வாங்கினார். மறுநாள் பக்கம் அச்சுக்குப் போயிற்று. எல்லா மொழியிலும் இப்படித்தான் இருக்கும்:

"ஆகஸ்ட் 14 காலை பதினொன்று இருபதுக்கு வந்த உத்தரவில் ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளர் சரீனா காபிலியோ தவறாகப் புரிந்துகொண்டார். மூன்றாவது கம்பெனி இன்னும் இறங்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தும், கம்பெனித் தலைவர் யெர்கோ மார்தினிச் தொலைபேசியில் மறுபடி கேட்கவில்லை. இயந்திரத் துப்பாக்கிகள் முன்னதாக விலகியதால் மூன்றாவது கம்பெனியின் ஒன்பது பேர் இறந்தனர். கடைசிவரை தம் இடத்தில் நின்று சுட்டனர். அவர்கள் பெயர்கள் வருமாறு."

கீழே ஒன்பது பெயரும், ஊரும், வயதும். இருபத்து மூன்றுக்கு மேல் ஒருவருக்கும் வயதில்லை.

அடைக்கலம் கேட்கும்போது இந்தப் பக்கம் எனக்கு நல்லதா என்று கேட்டாயே. தெரியாது. ஆனால் என்னைப் பற்றி யாராவது கேட்டால் இதை நானே எடுத்து நீட்டுவேன்.

எதிரி நெருங்கிவிட்டான் என்கிறார்கள். தொண்டர்களில் விருப்பமுள்ளவர்களை மறுபடி ஆயுதம் எடுக்கக் கேட்பார்கள் என்று பேச்சு. நீ என்ன சொல்வாய் என்று நான் கேட்கப்போவதில்லை. நான் எல்லைப் பக்கம் போகிறவர்களோடு, குழந்தைகளையும் காயம்பட்டவர்களையும் ஏற்றிய லாரிகளில் போகிறேன். மொழி தெரிந்த ஆள் வேண்டுமாம்.

சரீனா


ஆர்ஷெலெஸ் கடற்கரை, பிரான்ஸ்
பிப்ரவரி 14

சரீனா,

உயிரோடு இருக்கிறேன். நீ பெர்பினியானில் மகளிர் விடுதியில் இருக்கிறாய் என்று வலேரியானோ சொன்னான். அவனும் இங்கேதான், இதே மணலில். முள்கம்பிக்குள் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டான்.

ஆயுதம் கேட்டு வந்தபோது எங்கள் முகாமில் அனேகமாக எல்லோரும் கை தூக்கினோம். போக ஊர் இல்லாதவர்களுக்கு அது பெரிய முடிவு ஒன்றும் இல்லை. என்னை எந்தப் பிரிவுக்கு என்று கேட்டார்கள். லெப்டினன்ட் எலாதியோ எங்கே இருக்கிறார் என்று கேட்டு அங்கே போனேன். மிச்சமிருந்த ஆட்களை வைத்து ஒரு கம்பெனி கட்டியிருந்தான். இயந்திரத் துப்பாக்கி ஒன்று இருந்தது, அதைச் சுடத் தெரிந்தவன் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தான். "பக்கம் வந்துது, படிச்சேன்" என்றான். "உன் இடம் எனக்கு வலப்பக்கம். அன்னைக்கு இருந்த மாதிரி."

எட்டாம் தேதி ஒரு பாலம் எங்களுக்கு. பெரிய பாலம் இல்லை, இரண்டு மாட்டு வண்டி ஒதுங்கிப் போகலாம். காலையிலிருந்து ஜனங்கள் கடந்தபடி இருந்தார்கள். மெத்தை, கோழிக்கூண்டு, நாற்காலியில் தூக்கிய கிழவர்கள். பகல் பன்னிரண்டுக்கு ரோடு காலியாயிற்று. ஒரு மணிக்கு எதிரி வந்தான். எலாதியோவின் ஆட்கள் அக்கரையில் வாய்க்கால் ஓரம். நான் இக்கரை மேட்டில் ஒரு கல் தொட்டிக்குப் பின்னால். அந்தத் தொட்டியை வெட்டியவன் கைதேர்ந்தவன். இரண்டரை மணி நேரம் அதில் ஒரு பிளவு விழவில்லை.

மூன்றரைக்கு அவர்கள் இரண்டிரண்டு பேராகப் பாலத்தைத் தாண்ட ஆரம்பித்தார்கள். நான் அவர்கள் தலைக்கு மேல் சுட்டுக்கொண்டிருந்தேன். துப்பாக்கிக்குத் தோட்டாப் பட்டை ஊட்டித் தந்தவன் சாராகோசாக்காரன், பெயர் திமோதியோ. அவன் என் தோளைத் தட்டி, "போதும், நம்மளும் போலாம்" என்றான்.

"எத்தன பேர் வந்தாங்க?"

"இருபத்தெட்டு."

"மொத்தம் முப்பத்தொண்ணு. பட்டையப் போடு."

மூன்று பேர் வாய்க்காலில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்குக் காலில் அடி. அவனைத் தூக்கிக்கொண்டு மற்ற இரண்டு பேர் வந்தார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் எலாதியோ. கெட்டுப்போன தோளை வைத்துக்கொண்டு தூக்குகிறான், முட்டாள். பாலத்தின் நடுவில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினான்: "கெளம்பு! யெர்கோ, கெளம்பு!" எனக்கு நன்றாகக் கேட்டது. நான் கிளம்பவில்லை. அவர்கள் மூன்று பேரும் இந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சு விட்ட பிறகுதான் துப்பாக்கியைக் கழற்றினேன். நேராகச் சொன்ன உத்தரவை மீறியது அந்த ஒரு தடவைதான்.

எலாதியோ வந்து துப்பாக்கியின் தாங்கியை எடுத்துத் தன் நல்ல தோளில் வைத்துக்கொண்டான். எல்லைவரை பதினான்கு கிலோமீட்டர், கீழே வைக்கவே இல்லை. ஒன்பதாம் தேதி பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் முன்னால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் கீழே வைத்தோம். முப்பத்தொரு பேரும் வரிசையாக நின்றார்கள்.

இங்கே மணலும் காற்றும்தான். கூரை இல்லை, ரொட்டி வேலிக்கு மேலே வீசப்படுகிறது. ஆனால் நாங்கள் தலை குனிந்து நடக்கவில்லை. விழுந்து கிடந்த பலகைகளை வைத்து, கல் சுமந்து, ஒரு குடிசை கட்டியிருக்கிறேன். பத்துப் பேர் படுக்கலாம். நீ அங்கிருந்து எழுதக் காகிதமும் காலுறையும் அனுப்பு. வெளியே எங்களுக்காக வாதாட மொழி தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். எதை வேண்டுமானாலும் எங்கள் சார்பில் பேசு. உன் வாய்ச் சொல்லை நம்பி நான் இனியும் மலை ஏறுவேன்.

பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு, யாருக்கு எழுதுகிறாய் என்று எலாதியோ கேட்டான். சொன்னேன். பந்தை மணலில் வைத்தான். பிறகு பென்சிலை வாங்கிக்கொண்டான்.

யெர்கோ மார்தினிச்
எலாதியோ மொந்தேரோ